திறமை உண்டு, ஒப்பந்தம் எங்கே?

ஹாக்கி ரசிகர்கள் இரண்டு பேர் ஒரு தே தாரிக் கிளாசுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் போதும், தேசியத் தேர்வுக்குழு கூடிவிட்டது என்று பொருள்.

"அந்தப் பதினெட்டு வயசுப் பையன் இருக்கானே, வலது பக்கம் ஓடுறவன், இன்னும் ரெண்டு வருசத்துல பாருங்கண்ணே!"

"அவன் ஓடுவான்யா, பந்தைப் பிடிக்கத் தெரியலையே. இவனுக்கு முன்னாடி இருந்தவன் எவ்வளவோ தேவலாம்."

"அவனா? அவன் கதை முடிஞ்சிருச்சு. போன சீசனோட சரி."

செந்தூலிலும் இதே பேச்சு, ஈப்போவிலும் இதே பேச்சு, சிரம்பானிலும் இதே பேச்சு. யார் வேகம், யாருக்குப் பெனால்டி கார்னர் வரும், யார் தேசிய அணிக்குப் போவான், எந்த கிளப் யாரைத் தூக்கிக்கொண்டு போனது என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். தப்பில்லை. நம் இனத்துக்கு ஹாக்கி மேல் உள்ள பாசம் இன்று நேற்று வந்ததில்லை.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தப் பதினெட்டு வயதுப் பையன் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்? அதில் என்ன எழுதியிருக்கிறது? நாளைக்கு முழங்கால் போய்விட்டால் அவனுக்கு யார் சோறு போடுவது?

தோழர்களே, "எதிர்காலம் உள்ள பையன்" என்று நாம் வாய் நிறையப் பாராட்டுகிறோம். அந்த எதிர்காலத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்காதவரை அந்தப் பாராட்டால் அவனுக்கு ஒரு சென் பயனும் இல்லை.

மட்டையோடு வேலையும் வந்த காலம்

1975 மார்ச் மாதம் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி நடந்தது. மலேசியா நெதர்லாந்தை 2-1 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. கடைசியில் நான்காம் இடம். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. உலகக் கிண்ணத்தில் அந்த இடத்தை மலேசியா மீண்டும் எட்டிப் பிடிக்கவில்லை.

அந்த அணிக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன், பத்மராஜா, பாலசிங்கம் என்று நம் பெயர்கள் அந்த அணியில் வரிசையாக இருந்தன. மலாய், சீன, யுரேசிய விளையாட்டாளர்களோடு தோளோடு தோள் நின்று ஆடினார்கள். யாரும் யாருக்கும் சலுகை கொடுத்து இடம் தரவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். அந்தக் காலத்து ஹாக்கி தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஆட்டமில்லை. தோட்டத்தில் இருந்தது கால்பந்து. ஹாக்கி வளர்ந்தது பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளிலும், இரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்துத் திடல்களிலும், அரசாங்க இலாகாக்களின் கிளப்புகளிலும். ஆனால் அந்த முறையில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. இரயில்வே, மின்சார வாரியம், தொலைபேசி இலாகா, பொதுப்பணி, போலீஸ், இராணுவம் என்று எல்லாவற்றுக்கும் அணி இருந்தது. அணிக்கு ஆள் வேண்டும் என்றால் அந்த ஆளுக்கு வேலை கொடுக்க வேண்டும். கிராணி வேலையோ, டெக்னிஷியன் வேலையோ, கான்ஸ்டபிள் வேலையோ, ஏதோ ஒன்று.

பகலில் வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். முப்பது வயதில் மட்டையைக் கீழே வைத்தாலும் மறுநாள் காலையில் போய் உட்கார ஒரு நாற்காலி இருந்தது. ஐம்பத்தைந்து வயதில் பென்ஷனோ சேமநிதியோ இருந்தது. குவார்ட்டர்ஸ் இருந்தது. பெண் கொடுக்க மாமனார் யோசிக்க மாட்டார்.

இது தர்மம் செய்யும் எண்ணத்தில் வந்ததில்லை. இலாகாக்களுக்கு இடையில் போட்டி. ஜெயிக்க ஆள் தேவை. அந்தத் தேவைதான் விளையாட்டாளனுக்கு வேலையாக மாறியது.

பிறகு என்ன நடந்தது? 1987-இல் தொலைபேசி இலாகா நிறுவனமானது. 1990-இல் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் ஆனது. 1992-இல் இரயில்வேயும் நிறுவனமானது. கூட்டுவது, பெருக்குவது, கம்பி இழுப்பது, காவல் காப்பது எல்லாம் குத்தகைக்காரர் கைக்குப் போயின. இந்த மாற்றத்தில் அடிபட்டவர்களில் நம் இனத்துத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும், நம் அப்பாக்கள் அனுபவித்தது. அதே வெட்டுக்கத்தியில்தான் ஹாக்கிக்காரனின் வேலையும் போனது. மட்டையோடு வந்த வேலை நின்றது. அதற்குப் பதிலாக வந்தது ஒரு தாள். அதற்குப் பெயர் ஒப்பந்தம்.

தாளில் என்ன இருக்கிறது?

மலேசிய ஹாக்கி லீக் 1987-இல் தொடங்கியது. ஆண்டு முழுவதும் நடக்கும் லீக் அது கிடையாது. சில மாதங்களில் முடிந்துவிடும். அணி எடுப்பவர் எடுப்பார், அடுத்த ஆண்டு செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் கலைத்துவிடுவார். ஒரு காலத்தில் நட்சத்திரங்களைக் குவித்து வைத்திருந்த சபுரா அணி இன்று லீக்கில் இல்லை. இப்படி வந்து போன அணிகள் பல. அணி கலைந்தால் முதலாளிக்கு ஒரு பத்திரிகைச் செய்தி. பையனுக்கு வருமானமே போச்சு.

தேசியப் பயிற்சித் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது என்ன? மாதப் படித்தொகை. சம்பளம் என்ற சொல்லையும் படித்தொகை என்ற சொல்லையும் ஒன்றாக நினைக்காதீர்கள், பெற்றோரே. சம்பளம் என்றால் முதலாளி ஊழியர் சேமநிதிக்குப் பணம் கட்ட வேண்டும். சொக்சோ கட்ட வேண்டும். விடுமுறை, மருத்துவ விடுப்பு எல்லாம் சட்டத்தில் வரும். படித்தொகை என்று எழுதிவிட்டால் இவற்றிலிருந்து தப்பிவிடலாம் என்பது இந்த நாட்டில் பல முதலாளிகளுக்குப் பழகிய கணக்கு. லோரி ஓட்டுநரிடமும், பாதுகாவலரிடமும், உணவு கொண்டு போகும் மோட்டார்சைக்கிள் பையன்களிடமும் இதே கணக்கைப் போடுகிறார்கள். ஹாக்கி மைதானத்தில் மட்டும் அது புனிதமாகிவிடுமா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பையனுக்கு மாதம் 1,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அது சம்பளமாக இருந்தால் முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு, அதாவது 195 ரிங்கிட். ஐந்து ஆண்டுக்கு 11,700 ரிங்கிட், இலாப ஈவு சேர்க்காமல். அவனுடைய சொந்தப் பங்கு 11 விழுக்காட்டையும் சேர்த்தால் 21,600 ரிங்கிட். படித்தொகையாக இருந்தால்? சைபர். பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வரை நாட்டுக்காக ஓடியவன், சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தால் பள்ளி முடித்த மறுவாரமே தொழிற்சாலைக்குப் போன அவன் நண்பனைவிட ஏழையாக இருப்பான்.

காயத்தைப் பற்றியும் கேளுங்கள். சொக்சோவில் பதிந்த தொழிலாளி வேலையில் அடிபட்டு நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பில் இருந்தால் அன்றாடச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கும் உதவி உண்டு. ஹாக்கிக்காரனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சை, பிறகு மாதக் கணக்கில் ஓய்வு. அந்த மாதங்களில் அவன் பெயர் பட்டியலில் இருக்குமா, பணம் வருமா என்று தாளில் எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் தலையைத் தடவிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குமேல் எதையும் எதிர்பார்க்க முடியாது.

பிள்ளையின் கையெழுத்து

இன்னொரு விஷயம். பல பிள்ளைகள் கையெழுத்துப் போடும்போது அவர்களுக்குப் பதினெட்டு நிறையவில்லை. மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு நிறைந்தால்தான் ஒருவர் பெரியவர். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, வயது நிறையாத பிள்ளை போட்ட சாதாரண ஒப்பந்தம் செல்லாது.

"அப்படியானால் கவலை இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். 1976-இல் ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அரசாங்கமோ, சட்டப்படி அமைந்த அமைப்போ, கல்வி நிலையமோ தரும் உபகாரச் சம்பள ஒப்பந்தம் பிள்ளைக்கு வயது நிறையவில்லை என்பதற்காகச் செல்லாமல் போகாது. அதாவது, விளையாட்டை வைத்துப் படிப்புக்குப் பணம் தரும் தாளில் உங்கள் மகன் பதினேழு வயதில் கையெழுத்துப் போட்டாலும் அது அவனைக் கட்டிப் போடலாம். படிப்பைப் பாதியில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாவையும் கேட்கலாம்.

ஆகவே எந்தத் தாள் எந்த வகை என்று தெரியாமல் பேனாவைத் தொடாதீர்கள். "சார் சொன்னாரு, நல்ல மனுசன்" என்பது போதாது. அந்தச் சார் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு அவர் வேறு அணிக்குப் போய்விடுவார், தாள் மட்டும்தான் மிஞ்சும்.

சில தாள்களில், இந்த அணியை விட்டுப் போன பிறகும் வேறு அணிக்கு இத்தனை காலம் ஆடக்கூடாது என்று எழுதியிருந்தால் பயந்து ஒடுங்காதீர்கள். ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை அந்த அளவுக்குச் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. தாளோடு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். கையில் காசு இல்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் பெரிய ஊர்களில் இருக்கின்றன.

தாளே இல்லாமல், வாய்ப்பேச்சிலேயே பிள்ளையை வைத்து வேலை வாங்குகிறார்களா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 101சி என்ற புதுப் பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதபோது யாரைத் தொழிலாளியாகக் கருதலாம் என்பதற்கு அது அளவுகோல் தருகிறது. எப்படி வேலை செய்ய வேண்டும் என்று இன்னொருவர் கட்டளையிடுகிறாரா? நேரத்தை அவர் முடிவு செய்கிறாரா? கருவியை அவர் தருகிறாரா? குறித்த காலத்துக்கு ஒருமுறை பணம் தருகிறாரா? வருமானத்தில் பெரும்பகுதி அதுதானா? இந்த அளவுகோலை ஒரு முழுநேர ஹாக்கிப் பையனின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுப்புவது யார்? என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வது யார்? சட்டை யாருடையது? அவன் தொழிலாளி இல்லை என்றால் வேறு யார்தான் தொழிலாளி?

நம் பிள்ளைக்கு வாசல் ஏன் குறுகியது?

"இதெல்லாம் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் உள்ள பிரச்சினைதானே?" என்று கேட்பீர்கள். ஆம், திரெங்கானுவில் மட்டை பிடிக்கும் மீனவர் மகனுக்கும் இதே தாள்தான். அவனும் நம் பிள்ளைதான். நாம் கேட்கும் உரிமை அவனுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு இருவருக்கும் உள்ள வாசல்கள் ஒன்றா? போலீசிலும் இராணுவத்திலும் இன்று நம் இளைஞர்கள் எத்தனை பேர்? அரசாங்க இலாகாக்களில் எத்தனை பேர்? யுஐடிஎம் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் மாணவனாக நுழைய முடியாது. அது பூமிபுத்ராக்களுக்கு மட்டும். ஒருவனுக்கு ஹாக்கி பல வாசல்களில் ஒன்று. நம் பிள்ளைக்கு அது மூடினால் மிஞ்சுவது பாதுகாவலர் சீருடையோ லோரி ஸ்டியரிங்கோதான். எனவே ஒரே தாள் இருவரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை.

நுழையும் வாசலையும் பாருங்கள். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் நிறைய பள்ளிகளில் 150 மாணவர்கள்கூட இல்லை. பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். தோட்டத்து நிலத்தில், இரவல் இடத்தில், சரியான திடல் இல்லாமல் எத்தனை? பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்க ஒரு வகுப்பில் பதினொரு பேர் இருக்க வேண்டாமா?

1976 மொண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் திடலுக்கு மாறியது. அதன் பிறகு உலக ஹாக்கியில் புல் தரை படிப்படியாக மறைந்தது. செயற்கைத் திடலில் பந்து வேறு மாதிரி ஓடும், கால் வேறு மாதிரி திரும்பும். பத்து வயதில் அதில் பழகியவனோடு பதினாறு வயதில் முதல் முறையாகக் கால் வைப்பவன் எப்படிப் போட்டியிடுவான்? மட்டை ஒன்று சில நூறு ரிங்கிட். திடலுக்குப் போக வாகனம் வேண்டும். அப்பா இரவு வேலை, அம்மா தொழிற்சாலை, அண்ணன் பகுதிநேர வேலை. யார் கொண்டு போய் விடுவது?

2000 சிட்னி ஒலிம்பிக்கில் மலேசிய அணியில் குகன் இருந்தார், கோபிநாதன் இருந்தார். இன்னும் சில நம் பெயர்களும் இருந்தன. அதுதான் மலேசிய ஹாக்கி அணி கடைசியாகப் போன ஒலிம்பிக். அதன் பிறகு 2024 பாரிஸ் வரை ஆறு ஒலிம்பிக் கடந்துவிட்டது, ஒன்றுக்கும் தகுதி பெறவில்லை. அதே காலத்தில் தேசிய அணியில் நம் பெயர்களும் குறைந்து, ஒரு கை விரலில் மடக்கி எண்ணிவிடும் அளவுக்கு வந்துவிட்டன. இரண்டும் ஒன்றால் ஒன்று வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எல்லா இனத்திலிருந்தும் ஆள் எடுத்த நாடு, பாதி வாசலை மூடிவிட்டு மீதியில் மட்டும் ஆள் தேடினால் யாருக்கு நட்டம்?

அணியிலிருந்து விலக்கப்படும் ஒவ்வொரு நம் பையனும் இனத்துக்காகத்தான் விலக்கப்பட்டான் என்று கூச்சல் போடவும் கூடாது. சிலர் ஆட்டம் போதாமல் விலக்கப்படுகிறார்கள். ஆனால் எதனால் விலக்கினோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டிய கடமை தேர்வுக்குழுவுக்கு இல்லாதவரை சந்தேகம் இருக்கத்தான் செய்யும். சந்தேகம் வேண்டாம் என்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். அவ்வளவுதான்.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை

பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்து "முடிஞ்சான்" என்று தீர்ப்புச் சொல்கிறோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதற்கு ஒரு பெயர் போதும். கோல் காவலர் எஸ். குமார். 1979-இல் பிறந்தவர். 300-க்கும் மேற்பட்ட அனைத்துலக ஆட்டங்கள். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், நாற்பதை நெருங்கும் வயதிலும், மலேசியக் கோலைக் காத்தவர். அந்த இறுதி ஆட்டத்தில் மலேசியா ஜப்பானோடு 6-6 என்று சமநிலை கண்டு, ஷூட்-அவுட்டில் தோற்றது. தோக்கியோவுக்கு நேரடி வாய்ப்பு அங்கே கைநழுவியது. 2019-இல் தகுதிச் சுற்றில் பிரிட்டனிடமும் தோற்றோம். அவ்வளவு காலம் ஆடியும் குமாருக்கு ஒலிம்பிக்கில் ஆடும் பேறு கிடைக்கவில்லை. ஆனால் ஒரு விளையாட்டாளன் பழுக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று அவர் காட்டினார். இருபது ஆண்டு தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தால்தான் ஒரு குமார் வருவார்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2013 டிசம்பரில் புதுடில்லியில் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காம் இடம் பிடித்தது. பயிற்றுநர் தர்மராஜ். ஆறே மாதத்தில், 2014 ஜூனில், பெரியவர்கள் உலகக் கிண்ணத்தில் மலேசியா 12 அணிகளில் 12-ஆவது இடம். இளையோரில் உலகின் முதல் நான்கு, பெரியவர்களில் கடைசி! திறமைக்குப் பஞ்சமா? இல்லை. இருபத்தொரு வயதிலிருந்து இருபத்தாறு வயது வரை பையனைக் கடத்திக் கொண்டு போகப் பாலம் இல்லை. அந்த ஐந்து வருடத்தில்தான் வீட்டில் தங்கை படிப்புச் செலவு, அப்பா உடல்நலம், மோட்டார்சைக்கிள் தவணை எல்லாம் வந்து நிற்கும். படித்தொகையில் எத்தனை நாள் ஓட்டுவான்? வேலைக்குப் போய்விடுவான். நாம் கடையில் உட்கார்ந்து, "நல்லா வந்திருக்க வேண்டியவன், ஒழுக்கம் இல்லை" என்போம்.

ஒழுக்கம்! இந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து பேருந்து பிடித்துப் பயிற்சிக்குப் போனவனுக்கா ஒழுக்கம் இல்லை?

"விளையாட்டு வேண்டாம், படி" என்று சொல்லும் பெற்றோரின் பயம் நியாயமானது. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் யார்? பிள்ளையை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தானே? படிப்பும் சோறும் உறுதி என்று தாளில் எழுதிக் கொடுத்தால் எந்த அம்மா தடுக்கப் போகிறாள்?

நம் தலைவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை பதக்கம் வாங்கினால் மாலை, பொன்னாடை, அட்டையில் எழுதிய பெரிய காசோலை, நாளிதழில் படம். மறு ஆண்டு அந்தப் பிள்ளையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. மித்ராவுக்கு 2019 முதல் பல ஆண்டுகள் 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை வாரம் இரு முறை செயற்கைத் திடலுக்கு ஏற்றிச் செல்ல ஒரு பேருந்து கேட்பது பேராசையா?

அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?

2025 நவம்பர், டிசம்பரில் இளையோர் உலகக் கிண்ணம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள். மலேசிய அணியும் போய் ஆடியது. தாத்தா கப்பல் ஏறி வந்த மண்ணில் ஆட்டம் என்பதால் நம்மில் பலர் ஆர்வமாகப் பார்த்தோம்.

இந்தியாவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கும் ஏழைப் பிள்ளைகள் படும் பாடு நமக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே இரயில்வேயும், காவல் துறைகளும், பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டாளர்களுக்கு என்றே வேலை ஒதுக்குகின்றன. தேசிய அளவில் ஆடும் பையனுக்கு இரயில்வேயில் நிரந்தர வேலை கிடைத்தால் அவன் முழங்காலைப் பற்றிப் பயப்படாமல் ஓடுவான். நம்மிடமும் 1975-இல் இருந்தது இதுதானே! புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறோம்.

நாம் கேட்பது இவை:

1. தேசியத் திட்டத்திலும் லீக் அணிகளிலும் முழுநேரமாக இருக்கும் 18 வயது நிறைந்த ஒவ்வொரு விளையாட்டாளருக்கும், ஆணோ பெண்ணோ, சேமநிதியும் சொக்சோவும் கட்டப்பட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று நாட்டுக்கே சட்டம் இருக்கும்போது நாட்டுக்கு ஆடுகிறவனுக்கு அதற்குக் குறைவாகக் கொடுக்கக்கூடாது.

2. ஆட்டத்தில் அடிபட்டால் குணமாகும்வரை சிகிச்சைச் செலவும் மாதப் பணமும் தொடர வேண்டும். காயத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கக்கூடாது.

3. 18 வயது நிறையாத பிள்ளையின் எந்தத் தாளும் பெற்றோருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க 14 நாள் அவகாசம் தர வேண்டும்.

4. அரசாங்கத் தொடர்பு நிறுவனங்கள் விளையாட்டாளர்களுக்கு வேலை ஒதுக்கும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதில் எல்லா இனத்துக்கும் இடம் வேண்டும்.

5. தேர்வு முகாமிலிருந்து விலக்கப்படுகிறவருக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும்.

6. தமிழ்ப்பள்ளிகளை ஒன்றுசேர்த்து, வட்டாரத்துக்கு ஒரு கூட்டணி அணி அமைக்க அனுமதியும், செயற்கைத் திடலுக்குப் போக வாகனமும் வேண்டும்.

இவற்றில் எது அதிகம்? எது முடியாதது?

பெற்றோர் இன்றே செய்ய வேண்டியதும் உண்டு. பிள்ளை கையெழுத்துப் போட்ட தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். வங்கியில் பணம் ஏறும் ஒவ்வொரு பதிவையும் பத்திரப்படுத்துங்கள். காயம்பட்டால் மருத்துவச் சீட்டை அன்றே நகல் எடுத்து வையுங்கள். சேமநிதிக் கணக்கைத் திறந்து பாருங்கள். ஒரே அணியில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், எந்த இனமானாலும், ஒன்றாக உட்கார்ந்து தாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்டால், "உங்க பையனுக்கு விருப்பம் இல்லன்னா சொல்லுங்க, வேற ஆள் இருக்கு" என்பார்கள். இருபது பெற்றோர் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. தோட்டத்தில் சங்கம் கட்டிச் சம்பள உயர்வு கேட்ட இனத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2007 நவம்பர் 25-இல் தெருவில் இறங்கிய மக்கள் கேட்டது பிச்சையை அல்ல, இந்த நாட்டுக் குடிமகனுக்கு உரிய இடத்தை. ஹாக்கித் திடலும் அந்த நாட்டுக்குள்தான் இருக்கிறது.

அடுத்த முறை கடையில் யாராவது, "அந்தப் பையனுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு" என்று சொன்னால், அவரிடம் கேளுங்கள்: "சேமநிதி கட்டுறாங்களாண்ணே?"

தாள்களை எடுத்து வையுங்கள். பெற்றோர் குழுவைக் கூட்டுங்கள். கேட்போம், எழுத்தில் கேட்போம், பதில் வரும்வரை கேட்போம்.